தெளிந்த கணக்கு: எபிகூரஸ் சொன்ன நிதானம்

"தெளிஞ்சிடுச்சா?" என்று நம் ஊரில் ஒருவர் கேட்டால், எதைப் பற்றிக் கேட்கிறார் என்பதை இடம் பார்த்துத்தான் சொல்ல முடியும். ராத்திரி குடித்துவிட்டுத் திண்ணையில் விழுந்து கிடந்த ஆளைப் பற்றியும் கேட்கலாம், புதுவெள்ளத்தில் பிடித்து வைத்த குடத்துத் தண்ணீரைப் பற்றியும் கேட்கலாம். சந்தேகம் கேட்டுக்கொண்டே இருந்த பையனிடம் வாத்தியாரும் கேட்கலாம். போதை இறங்குவது, மண் அடியில் படிவது, விஷயம் புரிவது மூன்றுக்கும் தமிழில் ஒரே வினைச்சொல். குடித்திருப்பவரைப் பற்றி நாசூக்காகச் சொல்லும்போதும் "அவர் நிதானத்தில் இல்லை" என்கிறோம்.

ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ் நகரத்தில் இருந்த ஒருவரும் இதே மாதிரி இரண்டு சொற்களைச் சேர்த்து வைத்தார். நல்ல வாழ்க்கை எதனால் அமைகிறது என்ற கேள்விக்கு அவர் எழுதிய விடை: நேஃபோன் லோகிஸ்மோஸ். முதல் சொல்லுக்கு மது தலைக்கேறாத நிலை என்று பொருள். இரண்டாவது, கணக்கிடுதல். கிரேக்கர்கள் கூட்டல் கழித்தலுக்கும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள். 'நிதானமான பகுத்தறிவு' என்று மொழிபெயர்த்தால் தப்பில்லை. ஆனால் எனக்குத் 'தெளிந்த கணக்கு' என்பதுதான் பிடித்திருக்கிறது. நாமும் எதையாவது செய்யுமுன் "கணக்குப் போட்டுப் பார்" என்றுதானே சொல்கிறோம்.

சொன்னவர் எபிகூரஸ். கி.மு. 341இல் சாமோஸ் தீவில் பிறந்தவர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். முப்பது வயதைத் தாண்டிய பிறகு ஏதென்ஸில் நிரந்தரமாகத் தங்கி, ஒரு வீடும் நகர மதிலுக்கு வெளியே ஒரு தோட்டமும் வாங்கினார். தோட்டத்தின் விலை 80 மினா (கிரேக்கர்களின் அந்நாளைய பணக் கணக்கு) என்று ஒரு பழைய குறிப்பு சொல்கிறது. அங்கேதான் அவருடைய பள்ளி நடந்தது. பள்ளியின் பெயரே 'தோட்டம்' என்று ஆகிவிட்டது. பெண்களும் வந்து உட்கார்ந்து விவாதித்தார்கள், அடிமைகளும் பாடம் கேட்டார்கள். அந்தக் காலத்து ஏதென்ஸில் இது சாதாரண விஷயம் இல்லை.

இவர் சொன்ன அடிப்படைக் கருத்து ஒரே வரி: இன்பமே வாழ்க்கையின் இலக்கு. ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. தோட்டத்துக்குள் குடியும் கூத்துமாக இருக்கிறார்கள் என்று பேசினார்கள். கோபித்துக்கொண்டு வெளியேறிய திமோகிரட்டீஸ் என்ற மாணவர், "குரு தின்ற மிகுதியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை வாந்தி எடுக்கிறார்" என்று எழுதியே வைத்துவிட்டார். இன்றும் ஆங்கிலத்தில் எபிகூரியன் என்றால் நாக்குக்கு ருசி தேடி அலைபவர் என்றுதான் அர்த்தம். நம் பக்கத்தில் கடவுளும் மறுமையும் இல்லை என்ற உலகாயதர்களுக்கும் இதே கதிதான். 'கடன் வாங்கியாவது நெய் குடி' என்ற வரி அவர்கள் தலையில் கட்டப்பட்டிருக்கிறது. அது நமக்குக் கிடைப்பது எதிர்த்தரப்பாரின் நூல்கள் வழியாகத்தான்.

சரி, அவர் உண்மையில் என்ன சொன்னார்? மெனோய்கியஸ் என்பவருக்கு எழுதிய கடிதம் முழுசாகக் கிடைத்திருக்கிறது. அதில் அவர் பட்டியலே போடுகிறார்: விடாமல் நடக்கும் குடிவிருந்துகளோ, உடல் சுகங்களோ, செல்வந்தர் மேசையில் வைக்கும் மீன் வகைகளோ வாழ்க்கையை இனிமையாக்குவதில்லை. ஒன்றை ஏன் எடுத்துக்கொள்கிறோம், இன்னொன்றை ஏன் தள்ளுகிறோம் என்று காரணம் தேடுகிற, மனசைக் கலக்குகிற எண்ணங்களை விரட்டுகிற தெளிந்த கணக்குதான் அதைச் செய்கிறது. மீனைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அந்தக் கால ஏதென்ஸில் நல்ல மீன் பணக்காரர்களின் ஆடம்பரம். நம் ஊரில் வஞ்சிரம் விலையைக் கேட்டால் இப்போதும் புரியும்.

அவர் தேடிய இன்பத்துக்கு ஒரு பெயர் வைத்தார்: அதரக்ஸியா. அந்தச் சொல்லின் வேருக்குக் கிளறுதல், கலக்குதல் என்று பொருள். சேற்றுத் தண்ணீரைக் கலக்குவதற்கும் மனசைக் கலக்குவதற்கும் கிரேக்கர்களுக்கு ஒரே வினை, நமக்கு 'கலங்கு' இருப்பது போலவே. முன்னால் நிற்கும் 'அ' அதை மறுக்கிறது. ஆக அதரக்ஸியா என்றால் கலங்காமை. உடம்பில் வலி இல்லை, மனசில் கலக்கம் இல்லை. இந்த இரண்டும் இருந்தால் இன்பத்தின் உச்சவரம்பை எட்டியாயிற்று என்றார். தாகம் எடுக்கும்போது தண்ணீர் குடிப்பது ஒரு சுகம். தாகமே இல்லாமல் இருப்பது இன்னொரு சுகம். இரண்டாவதைத்தான் அவர் பெரிதாக மதித்தார், ஏனென்றால் அதற்கு மேலே கூட்டுவதற்கு ஒன்றுமில்லை. வகை வகையாகச் சர்பத் வாங்கிக் குடித்தால் சுவை மாறும், தாகம் தீர்ந்ததற்கு மேல் தீராது.

அவர் சாப்பாட்டைப் பற்றிய குறிப்புகளைப் படித்தால் அந்த வாந்திக் கதை எவ்வளவு பொருந்தாதது என்று தெரியும். ரொட்டியும் தண்ணீரும் போதும் என்று இருந்தவர். ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், "ஒரு சின்னப் பானை பாலாடைக்கட்டி அனுப்பு, வேண்டும்போது விருந்து வைத்துக்கொள்கிறேன்" என்கிறார். அந்தத் தோட்டத்தில் விருந்து என்பதன் அளவு இதுதான். மது? தோட்டத்தில் இருந்தவர்கள் 'கோட்டிலே' என்ற கிரேக்க அளவையில் ஒன்று, அதுவும் லேசான மதுவோடு நிறுத்திக்கொள்வார்கள், மற்றபடி தண்ணீர்தான் என்று பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு கோட்டிலே என்பது சுமார் 270 மில்லி. அதாவது இவர் மதுவைத் தொடவே மாட்டேன் என்று சபதம் எடுத்தவர் இல்லை. இவர் சொன்ன நிதானம், குடிக்கலாமா கூடாதா என்ற கேள்வியோடு முடிகிற விஷயமும் இல்லை. போதை என்று அவர் எதைப் பார்த்தார் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

அதற்கு முன்னால் கணக்கு எப்படிப் போடுவது என்று பார்த்துவிடலாம்.

எல்லா இன்பமும் நல்லதுதான், ஆனால் எல்லா இன்பத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எல்லா வலியும் கெட்டதுதான், ஆனால் எல்லா வலியையும் தள்ளவேண்டியதில்லை. இது அவருடைய முதல் விதி. பல் டாக்டரிடம் போகிற எல்லோருக்கும் இது தெரியும். இன்று பத்து நிமிடம் வலித்தால் பத்து ராத்திரி தூங்கலாம். நேர்மாறாக, இன்று ராத்திரி கிடைக்கும் ஒரு சுகம் நாளை முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார வைக்கும் என்றால், அது எவ்வளவு இனித்தாலும் நஷ்டக் கணக்கு. இதில் பாவம் புண்ணியம் என்ற பேச்சே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். குடிகாரனை அவர் கெட்டவன் என்று திட்டுவதில்லை. கணக்கில் தப்பு செய்தவன் என்கிறார்.

அப்புறம் ஆசைகளைப் பிரிக்கிறார். இயற்கையானவை, இல்லாமல் முடியாதவை: தாகத்துக்குத் தண்ணீர், பசிக்குச் சோறு, குளிருக்குப் போர்வை, பேசச் சிநேகிதம். இயற்கையானவை, ஆனால் இல்லாவிட்டாலும் நடக்கும்: சோறு போய் பிரியாணி. கிடைத்தால் சந்தோஷமாகச் சாப்பிடு, கிடைக்காவிட்டால் முகம் சுளிக்காதே. மூன்றாவது வகை இயற்கையும் இல்லை, தேவையும் இல்லை, வெறும் எண்ணத்தில் முளைத்தவை. இதற்குப் பழைய உரைக்குறிப்பு ஒன்று தரும் உதாரணம், தலைக்குக் கிரீடம் சூட்டுவதும் சிலை வைப்பதும். நம் ஊரில் ஃபிளெக்ஸ் பேனர் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் வகைக்கு எல்லை உண்டு. வயிறு நிறைந்தால் பசி நிற்கும். மூன்றாவது வகைக்கு எல்லையே கிடையாது, ஏனென்றால் அது வயிற்றில் இல்லை, அடுத்தவர் கண்ணில் இருக்கிறது. இங்கேதான் போதை விஷயம் வருகிறது. மனசை அதிகம் கலக்குவது மது என்று அவர் சொல்லவில்லை. வெற்று எண்ணங்கள் என்றார். செத்த பிறகு என்ன ஆகுமோ என்ற பயம், கடவுள் தண்டிப்பாரோ என்ற பயம், இன்னும் கொஞ்சம் சேர்த்தால்தான் நிம்மதி என்ற நினைப்பு, ஊர் என்ன சொல்லுமோ என்ற கவலை. ஒரு சொட்டுக் குடிக்காதவரும் இவற்றால் தள்ளாடிக்கொண்டிருக்கலாம்.

என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை, தன் பிள்ளைக்குக் காதுகுத்து வைக்க முடிவு செய்தான். மண்டபம், இரண்டு வேளைச் சாப்பாடு, மேலே பறந்து படம் பிடிக்கிற ட்ரோன், எல்லாம் பேசியாகிவிட்டது. கையில் காசு இல்லை. 2 லட்சம் ரெண்டு வட்டிக்கு வாங்கப் போவதாகச் சொன்னான். மாசம் 4,000 ரூபாய் வட்டி மட்டும்.

"ஏன்டா?" என்றேன்.

"என்னண்ணே, நாலு பேர் என்ன சொல்வாங்க?"

எபிகூரஸின் ஒரு வாசகம் உண்டு. 1888இல் வத்திக்கான் நூலகத்துச் சுவடி ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்ட தொகுப்பில் இருக்கிறது. ஒவ்வொரு ஆசையிடமும் இந்தக் கேள்வியைக் கேள்: நான் ஆசைப்பட்டது நடந்தால் எனக்கு என்ன ஆகும், நடக்காவிட்டால் என்ன ஆகும்? தம்பியிடம் நான் தத்துவம் எதுவும் பேசவில்லை. நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் நடுவில் கோடு போட்டு, இந்த இரண்டையும் எழுதச் சொன்னேன். நடந்தால் என்ற பக்கத்தில் எழுதினான்: ஒரு நாள் சந்தோஷம், ஆல்பம், மொய் கொஞ்சம் வரும், வட்டி. நடக்காவிட்டால் என்ற பக்கத்தில் 'பேசுவார்கள்' என்று எழுதிவிட்டு நிறுத்தினான். யார் யார் என்று கேட்டேன். நான்கு பேரை நினைத்துப் பார்த்து எண்ண ஆரம்பித்தவனுக்கு மூன்றாவது பெயரே வரவில்லை. அந்த இரண்டு பேரில் ஒருவரோடு நாங்கள் பேசுவதே கிடையாது.

கடைசியில் குலதெய்வக் கோவிலில் மொட்டை போட்டு, கிடா வெட்டி, சொந்தக்காரர்களை மட்டும் கூப்பிட்டுக் காது குத்தினான். ட்ரோனை மட்டும் விடவில்லை. அது பறந்து ஆலமரத்தில் சிக்கிக்கொண்டது தனிக்கதை.

இந்தக் கணக்கில் கூடவே ஒரு ஆள் இருந்தது பெரிய உதவி. எபிகூரஸும் அதைத்தான் சொன்னார். மெனோய்கியஸ் கடிதத்தை முடிக்கும்போது, இவற்றையெல்லாம் இரவும் பகலும் நீயாகவும், உன்னைப் போன்ற ஒருவரோடு சேர்ந்தும் பழகு என்கிறார். அவருடைய கருத்துகளைச் சின்னச் சின்ன வாசகங்களாகச் செதுக்கி 40 வாசகம் கொண்ட தொகுப்பாக வைத்திருந்தார்கள், மனப்பாடம் செய்வதற்காக. பின்னால் வந்தவர்கள் அதையும் சுருக்கி 'நான்கு மருந்து' என்று ஒரே மூச்சில் சொல்லும்படி ஆக்கினார்கள்: கடவுளுக்குப் பயப்பட வேண்டியதில்லை, மரணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, நல்லது எளிதில் கிடைக்கும், கொடியதைத் தாங்கிக்கொள்ள முடியும். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் புதைத்த ஹெர்குலேனியம் ஊரில், கருகிப்போன பாப்பிரஸ் சுருள் ஒன்றிலிருந்துதான் இந்த நான்கு வரி நமக்குக் கிடைத்தது.

மனப்பாடம் எதற்கு? இதைப் புரிய வைக்க எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் தேற்றாங்கொட்டை. ஆற்றில் புதுத் தண்ணீர் வந்தால் செம்மண்ணாக இருக்கும். எங்கள் ஆத்தா வெறும் மண்பானையை மடியில் சாய்த்துக்கொண்டு, உள்பக்கமாகக் கொட்டையை வைத்து வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். பானையின் உள்ளே வெள்ளையாக ஒரு பூச்சுத் தெரியும். அதற்கப்புறம்தான் தண்ணீரை ஊற்றுவார். கொட்டையில் இருக்கும் பொருள், நீரில் மிதக்கும் மண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கனமாக்கிவிடும். காலையில் பார்த்தால் சேறு அடியில், மேலே கண்ணாடி மாதிரித் தண்ணீர். கவனிக்க வேண்டியது வரிசை. கொட்டை முதலில், கலங்கல் தண்ணீர் பிறகு. ராத்திரி பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டே ஃபோனில் 'இன்னும் 2 மணி நேரம்தான் இந்த விலை' என்று பார்க்கும்போது உட்கார்ந்து ஆசைகளை மூன்றாகப் பிரிக்க யாராலும் முடியாது. பிரித்து வைத்திருந்தால்தான் உண்டு.

இப்போது நிஜமான குடிக்கு வருகிறேன், அதைத் தவிர்த்துவிட்டு நிதானம் பற்றிப் பேசுவது நியாயமாகாது. திருக்குறளில் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது 929ஆவது குறள்:

களித்தானைக் காரணம் காட்டுதல் கீழ்நீர்க்
குளித்தானைத் தீத்துரீஇ யற்று.

போதையில் இருப்பவனுக்குக் காரணம் எடுத்துச் சொல்வது, தண்ணீருக்குள் மூழ்கியவனைத் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு தேடுவது போல. பந்தம் தண்ணீருக்குள் போன உடனே அணைந்துவிடும். அறிவியலும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. மூளையில் நரம்புகளை அடக்கும் சமிக்ஞைகளை ஆல்கஹால் கூட்டுகிறது, தூண்டும் சமிக்ஞைகளைக் குறைக்கிறது. சீர்தூக்கிப் பார்க்கிற, 'வேண்டாம்' என்று நிறுத்துகிற முன்மூளையின் வேலை சீக்கிரமே மங்குகிறது. ஆகவே 'எனக்கு ஏறவில்லை' என்று சொல்பவர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஏறியிருக்கிறதா என்று அளக்கிற தராசே கெட்டுப்போயிருக்கிறது.

எபிகூரஸின் முறைக்கு உள்ள எல்லையும் இதுதான். கணக்குப் போட ஒரு தலை தெளிவாக இருக்க வேண்டும். குடி நோயாகவே ஆகிவிட்டவரிடம் நாள்காட்டித் தாளை நீட்டி இரண்டு பக்கம் எழுதச் சொன்னால், வள்ளுவர் சொன்ன பந்தம்தான். அவர் எழுதவும் செய்வார், அழவும் செய்வார், சாயங்காலம் கடைக்கும் போவார். அவருக்கு வேண்டியது மருத்துவம். பல வருடம் தினசரி அதிகமாகக் குடித்தவர் வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கிப் பிதற்றலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரின் மேற்பார்வையில் நிறுத்துவதுதான் சரி. இதை வீட்டில் இருப்பவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அந்த ஒரு கோட்டிலே மதுவும் இன்று கணக்கில் எப்படி நிற்கும் என்பது சந்தேகம்தான். எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. புதுத் தகவல் வந்தால் கூட்டலை மறுபடி போட வேண்டும்; எபிகூரஸ் அதற்குக் கோபிக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

நடுவில் ஒரு வேடிக்கை. யவனர், அதாவது கிரேக்கரும் ரோமரும், கப்பலில் கொண்டுவந்த மது தமிழ் அரசர்கள் வரை போயிருக்கிறது. 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்று புறநானூறு 56ஆவது பாடலில் நக்கீரர் பாண்டியனை வாழ்த்துகிறார். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் மது வந்த ஜாடிகளின் ஓடுகள் தோண்டி எடுக்கப்பட்டன. தேறல் என்றால் தெளிந்தது, வண்டல் இறுத்தது. ஆளைக் கலக்குகிற பொருளுக்குத் தெளிவின் பெயர்.

எபிகூரஸ் சொன்ன எல்லாவற்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. அரசியல் பக்கம் போகாதே, அமைதி கெடும் என்று சீடர்களுக்குச் சொன்னார். 'யார் கண்ணிலும் படாமல் வாழ்' என்பது அவர் பள்ளியின் புகழ்பெற்ற வாசகம்; பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் அதைத் தாக்கித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார். நான் புளூட்டார்க் பக்கம். தெருவில் குடிதண்ணீர் வராதபோது நம் மனசு கலங்காமல் இருப்பதைவிடக் குடத்தைத் தூக்கிக்கொண்டு சாலையில் உட்காருவது மேல். ஆனால் எங்கே உட்காருவது, யாரிடம் என்ன கேட்பது என்று யோசிக்கும்போது அவருடைய கணக்கு அங்கும் உதவும்.

கடைசி நாள் விவரம் கிடைத்திருக்கிறது. கி.மு. 270, வயது 72. சிறுநீர் கல்லடைப்பு, பதினான்கு நாள் வலி. அன்றைக்கு இதோமெனியஸ் என்ற நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். வலி இதற்கு மேல் போக முடியாத அளவுக்கு இருக்கிறது, ஆனால் நாம் பேசிய பேச்சுகளின் நினைவை எதிர்த்தட்டில் வைத்திருக்கிறேன், இது சந்தோஷமான நாள்தான் என்று. கூடவே, செத்துப்போன சீடர் மெத்ரோதோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்ற வேண்டுகோள். தோட்டத்தில் பாடம் கேட்ட அடிமை மைஸுக்கு உயிலில் விடுதலை எழுதி வைத்திருந்தார்.

அப்புறம் வெந்நீர் நிரப்பிய வெண்கலத் தொட்டியில் இறங்கி உட்கார்ந்து, மது கேட்டாராம். கிரேக்கர்கள் மதுவில் தண்ணீர் கலந்துதான் குடிப்பார்கள். கலக்காமல் குடிப்பது நாகரிகம் தெரியாதவர் பழக்கம். தெளிந்த கணக்கைப் பற்றிக் காலம் முழுக்கப் பேசியவர் அன்று தண்ணீர் கலக்காத மதுவைக் கேட்டு வாங்கிக் குடித்தார். சொன்னதையெல்லாம் மறக்காதீர்கள் என்று சுற்றி நின்ற நண்பர்களிடம் சொன்னார்.